தண்ணீரைத் தொடர்ந்து போனால் துனிசியா

துனிசியாவின் வடமேற்கு மூலையில், அல்ஜீரிய எல்லையை ஒட்டி ஐன் தராஹம் என்றொரு மலையூர் இருக்கிறது. சுற்றிலும் தக்கை ஓக் காடு, சிவப்பு ஓட்டு வீடுகள், குளிர்காலத்தில் பனி. ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து நேர் தெற்கே 320 கிலோமீட்டர் இறங்கினால் தோசூர். அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது 100 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டுக்கும் நடுவில் துனிஸ் 450, கைரவான் 300, காபெஸ் 190. தெற்கே இறங்க இறங்க மழை படிப்படியாக வற்றுகிறது.

இந்த எண்களைப் பயணக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடற்கரை, இடிபாடு, பாலைவனம் என்று மூன்று துண்டாக இந்த நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். அப்படிப் பார்த்தால் மூன்றும் ஒட்டாமலே நிற்கும். மழைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கே வந்தால், ஏன் ரோமாபுரி இங்கே வந்தது, ஏன் தலைநகரம் ஊர் ஊராக மாறியது, ஏன் 2010இல் கிளர்ச்சி உள்நாட்டில் தொடங்கியது எல்லாம் ஒரே கயிற்றில் கோத்துக்கொள்ளும். இங்கே ஆண்ட ஒவ்வொருவரும் தண்ணீரை எப்படிப் பிடித்து வைத்தார்கள் என்பதைக் கல்லில் விட்டுப்போயிருக்கிறார்கள். கோயிலையும் அரண்மனையையும் விட அந்தத் தொட்டிகளும் கால்வாய்களும்தான் இந்த நாட்டின் வரலாற்றைத் தெளிவாகச் சொல்கின்றன.

முதலில் நில அமைப்பு. பரப்பு 1,63,610 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம். மேற்கே அல்ஜீரியா, தென்கிழக்கே லிபியா. வடக்கு, கிழக்கு இரு பக்கமும் மத்தியதரைக் கடல். ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகோடி முனை பிசெர்த் நகருக்கு அருகில் இருக்கிறது. கப் போன் தீபகற்பத்தின் முனையிலிருந்து சிசிலி ஏறக்குறைய 145 கிலோமீட்டர்தான். இந்தக் குறுகலான கடல்வழியைக் கட்டுப்படுத்தியவர் மத்தியதரைக் கடலின் கிழக்கையும் மேற்கையும் கட்டுப்படுத்தினார்.

நாட்டின் முதுகெலும்பு அல்ஜீரியாவிலிருந்து வடகிழக்காக ஓடி கப் போன் வரை வரும் மலைத்தொடர். அதிலுள்ள ஷாம்பி சிகரம் 1,544 மீட்டர், அதுவே நாட்டின் உச்சி. (அந்த மலையும் அல்ஜீரிய எல்லையை ஒட்டிய பக்கத்து மலைகளும் ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி. மலையேற்றத் திட்டம் எதுவும் அங்கே வேண்டாம்.) குளிர்கால மழையைக் கொண்டுவரும் மேகங்கள் இந்தத் தொடரின் வடபுறத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகின்றன. தென்புறம் புல்வெளி, பிறகு உப்பு ஏரிகள், பிறகு மணற்கடல்.

கோதுமையும் பளிங்கும்

மலைக்கு வடக்கே ஓடுவது மெஜெர்தா. சுமார் 460 கிலோமீட்டர் நீளம். ஆண்டு முழுக்க நீரோடும் ஒரே பெரிய ஆறு. இதன் பள்ளத்தாக்கின் கோதுமைதான் ரோம் நகரத்துக்குப் படியளந்தது. மார்ச், ஏப்ரலில் போனால் மலைச்சரிவு முழுக்கப் பச்சையும் பாப்பி மலரின் சிவப்புமாக இருக்கும். ஜூலையில் அதே இடம் அறுவடை முடிந்த வைக்கோல் நிறம்.

இந்த ஆறு ஒரு நகரத்தையே கடலிலிருந்து பிரித்துவிட்டது. கார்த்தேஜுக்கும் முந்தையதென்று பழைய ஆசிரியர்கள் சொல்லும் ஊத்திகா, இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடல் வணிகர்களான ஃபினீசியர்களின் துறைமுகம். மெஜெர்தா ஆண்டாண்டாகக் கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிட, இன்று ஊத்திகாவின் இடிபாடுகள் கடலிலிருந்து 10 கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் நிற்கின்றன. துறைமுகத்தைத் தேடிப் போய் ஏமாறுகிறவர்கள், மேட்டில் நின்று வடக்கே பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய சமவெளி முழுக்க அன்று கடல்.

பள்ளத்தாக்கில் மூன்று இடங்கள் முக்கியம். ஷெம்து, ரோமானியர்கள் மஞ்சள் பளிங்கு வெட்டிய குவாரி. புல்லா ரெஜியா, வெயிலுக்கு ஒதுங்க வீட்டின் ஒரு தளத்தையே தரைக்கடியில் கட்டிய ஊர், மொசைக் தரைகள் இன்னும் அந்த நிலவறைகளிலேயே இருக்கின்றன. மூன்றாவது துக்கா. ஒரே ஒரு ரோமானிய ஊரைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் பாருங்கள். மலைச்சரிவில் ஆலிவ் தோப்புகளுக்கு மேலே, கி.பி. 160களில் எழுந்த கோயிலும் சுமார் 3,500 பேர் அமரும் அரங்கும் முழு உருவத்தில் நிற்கின்றன. ஆனால் நேராக இறங்கி, கீழே தனியாக நிற்கும் 21 மீட்டர் உயரக் கல்லறைக் கோபுரத்துக்குப் போங்கள். ரோமானியர் வருவதற்கு முன்பிருந்த நுமிதிய மன்னர் காலத்தது. அதில் கார்த்தேஜியர்களின் மொழியான பியூனிக்கிலும் அமாசிக் (பெர்பர்) மக்களின் பழைய லிபிய எழுத்திலும் ஒரே வாசகம் பொறித்த கல் இருந்தது. 1842இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட் அதைப் பெயர்த்தெடுத்ததில் கோபுரமே சரிந்தது. கல் இன்று லண்டனில். பிரெஞ்சுக்காரர்கள் பிறகு கோபுரத்தை அடுக்கி நிறுத்தினார்கள். அந்த இருமொழிக் கல்தான் லிபிய எழுத்தைப் படிக்க வழி திறந்தது. கோபுரத்தைச் சுற்றி வரும்போது, இந்த மண்ணின் அமாசிக் மக்களுக்குச் சொந்த எழுத்தும் அரசும் இருந்தன என்பதை மறக்காமல் நினைத்துக்கொள்ளுங்கள். ரோமானியத் தூண்களின் பகட்டில் அது மறைந்துவிடுகிறது.

துக்காவுக்குப் போகத் துனிஸின் பாப் சாதூன் நிலையத்திலிருந்து தெபூர்சூக் வரை லுவாஜ் என்னும் பங்கு வேன் கிடைக்கும், அங்கிருந்து சில கிலோமீட்டர் டாக்ஸி. சிக்கல் திரும்பும்போதுதான். இடிபாட்டு வாசலில் வண்டி எதுவும் நிற்காது. கொண்டுவிடும் டாக்ஸிக்காரரிடமே மூன்று மணிநேரம் கழித்து வரச் சொல்லி, திரும்பி வந்தபிறகு மொத்தப் பணத்தையும் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

லுவாஜ் 8 பயணிகள் நிறைந்ததும் கிளம்பும், நேர அட்டவணை கிடையாது. வெள்ளை வண்டியில் சிவப்புப் பட்டை என்றால் தொலைதூரம், நீலம் என்றால் வட்டாரம், மஞ்சள் என்றால் கிராமப்புறம். கட்டணம் அரசு நிர்ணயித்தது, பேரம் இல்லை. காலையில் உடனே நிறையும். மாலை நான்கைத் தாண்டினால் எட்டுப் பேர் சேர ஒருமணி நேரமும் ஆகலாம், சேராமலே போகவும் கூடும். இதை வைத்துத்தான் நாளைத் திட்டமிட வேண்டும்: தூரப் பயணம் காலையில், ஊர் பார்ப்பது மாலையில்.

கார்த்தேஜில் தேட வேண்டியது

கி.மு. 814இல் தீர் நகரத்து ஃபினீசியர்கள் வந்து நிறுவியதாக மரபு சொல்லும் நகரம் கார்த்தேஜ். 'புது ஊர்' என்று பொருள். ரோமோடு மூன்று பியூனிக் போர்கள்: கி.மு. 264–241, 218–201, 149–146. இரண்டாவதில்தான் கார்த்தேஜின் தளபதி ஹானிபல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார், கி.மு. 202இல் சாமாவில் தோற்றார். மூன்றாவதின் முடிவில் நகரம் எரிக்கப்பட்டது. ரோமானியர் நிலத்தில் உப்பைத் தூவினார்கள் என்று வழிகாட்டிகள் இன்னமும் சொல்வார்கள். பழைய நூல் எதிலும் அது இல்லை, பிற்காலத்தில் ஒட்டிய கதை. ஒரு நூற்றாண்டு கழித்து ரோமானியரே அங்கே புது நகரம் கட்டி, தங்கள் ஆப்பிரிக்கா மாகாணத்துக்குத் தலைநகராக்கினார்கள். இந்த மாகாணத்தின் பெயர்தான் பிறகு கண்டம் முழுவதற்கும் பெயரானது. அரபியில் 'இஃப்ரீகியா' என்றால் பல நூற்றாண்டுகள் இந்தப் பகுதிதான்.

கார்த்தேஜை ஒரே இடிபாடாக நினைத்துப் போகாதீர்கள். இன்று அது வெள்ளை மாளிகைகள் நிறைந்த ஒரு புறநகர். அந்த வீடுகளுக்கு நடுநடுவே இடிபாடுகள் சிதறிக் கிடக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு. துனிஸிலிருந்து 1872இல் தொடங்கிய கடலோரச் சிறு ரயில் இங்கே வரும். சலாம்போ நிறுத்தத்தில் இறங்கி, குழந்தைகளின் சாம்பல் தாழிகள் புதைத்த இடமான தோஃபெத், பியூனிக் துறைமுகங்கள், பிறகு வடக்கே அந்தோனீன் குளியல் மாளிகை, மேலே பிர்சா குன்று என்ற வரிசையில் நடந்தால் ஏற்றம் கடைசியில் வரும், வெயில் தாழ்ந்திருக்கும். குளியல் மாளிகையை ஒட்டியே அதிபர் மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் காவலர் வந்து படத்தை அழிக்கச் சொல்வார். பிர்சா அருங்காட்சியகம் சீரமைப்புக்காக மூடிக் கிடந்தது, போகுமுன் விசாரித்துக்கொள்ளவும்.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது குன்றுக்குப் பின்னால் இருக்கும் லா மல்கா தொட்டிகளை. ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்தில் வரிசையாக 15 வளைவுக்கூரைத் தொட்டிகள். அருகே நின்று பார்த்தால் காரைப்பூச்சின் அடுக்குகள் தெரியும். இந்தத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்த நீர், தெற்கே ஸக்வான் மலை ஊற்றுகளிலிருந்து கிளைகளையும் சேர்த்து 132 கிலோமீட்டர் கால்வாயில் வந்தது. கி.பி. 128இல் பேரரசர் ஹாட்ரியன் வந்தபோது ஐந்தாண்டு மழையில்லாமல் இருந்ததாம், அவர் வந்ததும் பெய்ததாம். கால்வாய்த் திட்டம் அந்தப் பஞ்சத்தின் பிள்ளை.

அதன் பெரும்பகுதி தரைக்கடியில் போகிறது. மிலியான் ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் உயர்ந்த வளைவுகள் மேல் ஏறி, துனிஸ்–ஸக்வான் சாலையோரம் கிலோமீட்டர் கணக்கில் உடன் வருகிறது. வண்டியை நிறுத்தி, விழுந்து கிடக்கும் துண்டுகளில் ஒன்றைப் பாருங்கள். நடுவில் ஓர் ஆள் குனிந்து நடக்கும் அளவு குழாய், உள்ளே வழவழப்பான பூச்சு, அதன்மேல் நீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு.

இதே கால்வாயை 13ஆம் நூற்றாண்டில் துனிஸை ஆண்ட ஹஃப்சித் சுல்தான்கள் பழுதுபார்த்துத் துனிஸுக்குத் திருப்பினார்கள். 1860களின் தொடக்கத்தில் அன்றைய ஆட்சியாளர் சாதிக் பே மறுபடியும் சீரமைத்தார். அரசு அப்போது ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கிக் குவித்த கடனில் இந்தச் செலவும் ஒரு பங்கு. வரியை இரட்டிப்பாக்கியதில் 1864இல் நாடெங்கும் கிளர்ச்சி, 1869இல் கணக்கைச் சர்வதேச நிதி ஆணையம் எடுத்துக்கொண்டது, 1881 மே 12இல் பார்தோ ஒப்பந்தம், பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆட்சி. 1846இலேயே அடிமைமுறையை ஒழித்து 1861இல் அரசியல் சட்டம் எழுதிய நாடு அப்படித்தான் சிக்கியது.

கார்த்தேஜியர்களின் அன்றாட வாழ்வைப் பார்க்க வேண்டுமானால் கப் போன் முனையருகே இருக்கும் கெர்குவான் போக வேண்டும். முதல் பியூனிக் போரில் கைவிடப்பட்டு, ரோமானியர் மேலே எதையும் கட்டாமல் விட்ட ஊர். 1952இல்தான் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு குளியல் தொட்டி: உட்காரத் திண்டு, முழங்கை வைக்க இடம், இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் கசியாத பூச்சு. 2,200 ஆண்டுக்கு மேலாகியும் ஒருவர் எழுந்து போன மாதிரி இருக்கிறது.

ஆறில்லாத தலைநகரம்

ஜெர்மானியக் குடியான வாண்டல்கள் 439இல் கார்த்தேஜைப் பிடித்தார்கள், 533இல் கிழக்கு ரோமானியரான பைசாந்தியர் மீட்டார்கள், 698இல் அரபுப் படையிடம் அது வீழ்ந்தது. அதற்கு முன்பே, 670இல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி தன் பாசறையை உள்நாட்டில் நட்டிருந்தார்: கைரவான். வெயில் காயும் புல்வெளி, ஆறில்லை, துறைமுகமில்லை. அது தெரிந்தே எடுத்த முடிவு. கடலோரம் பைசாந்தியக் கப்பற்படையின் கையில், மலைகள் அமாசிக் குடிகளின் கையில். இரண்டுக்கும் எட்டாத நடுவெளியில் ஊர் எழுந்தது. விலையாகத் தண்ணீரைக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது.

அதை அக்லபித் அரசர்கள் (800–909) செய்த விதம் கைரவானின் வடக்கு வாசலுக்கு வெளியே இருக்கிறது. 860 வாக்கில் கட்டிய இரட்டைக் குளம். நுழைவுச்சீட்டு தரும் கட்டடத்தின் மாடியில் ஏறினால் முழு அமைப்பும் கண்ணுக்குள் வரும். ஓடையில் வரும் வெள்ளம் முதலில் 17 பக்கமுள்ள சிறிய குளத்தில் விழும். வேகம் அடங்கி, மண் அடியில் தங்கும். பெரிய குளத்துக்குப் போகும் திறப்பைச் சிறிய குளத்தின் அடியிலிருந்து சில மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள், தெளிந்த மேல்நீர் மட்டுமே கடக்கும். பெரியது 48 பக்கம், விட்டம் 128 மீட்டர். அங்கே இன்னொரு முறை தெளிந்த நீர், மூடிய தொட்டிக்குப் போய் மொள்ளப்படும். நீரின் எடை சுவரைத் தள்ளாதிருக்க உள்ளும் புறமும் அரைவட்ட முட்டுத்தூண்கள். சிறிய குளம் தூர்ந்தால் பெரியதும் கெட்டுவிடும், அதனால் தூர் வாருவது சிறியதில்தான். அளவான செலவில் நெடுநாள் உழைக்கும் ஏற்பாடு.

அதே அறிவு பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் உள்ளங்கை அளவில் இருக்கிறது. இன்றைய கட்டடத்தின் பெரும்பகுதி 836ஐ ஒட்டியது. முற்றம் முழுக்கப் பளிங்குத் தளம், நடுவை நோக்கி மெல்லச் சரிவு. சரிவு முடியும் இடத்தில் ஒரு சதுரப் பளிங்குக்கல், விளிம்பில் படிப்படியாகக் குடைந்த வளைவுகள். மழைநீர் அந்த வளைவுகளில் சுற்றித் தயங்கும்போது தூசியை விட்டுவிட்டு அடியிலுள்ள தொட்டிக்கு இறங்கும். சற்றுத் தள்ளிக் கிணற்று வாய்கள். பழைய ரோமானியத் தூண் அடிகளைக் குடைந்து செய்தவை. அவற்றின் உள்விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் கயிறு உராய்ந்த தடம் ஒவ்வொன்றும் விரல் ஆழம் இருக்கும். முஸ்லிம் அல்லாதவர் முற்றம் வரை போகலாம், தொழுகைக் கூடத்தை வாசலில் நின்று பார்க்கலாம். தோளும் காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரமே மூடிவிடுவார்கள், காலை எட்டரை ஒன்பதுக்கே போய்விடுவது நல்லது.

அக்லபித்களுக்குப் பின் வந்த ஃபாத்திமித்கள் கடலோரம் மஹ்தியாவைக் கட்டிக்கொண்டு, பிறகு எகிப்தை வென்று கெய்ரோவுக்கே போய்விட்டார்கள். 1057இல் பனூ ஹிலால் என்னும் அரபு நாடோடிக் குடிகள் கைரவானைச் சூறையாடினர். பின்னாளில் தலைநகரம் துனிஸுக்கு நகர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1332இல் பிறந்தது துனிஸில்தான். 1574இலிருந்து உதுமானியர், 1705 முதல் ஹுசைனித் பேக்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் விரட்டிய அந்தலூசிய முஸ்லிம்கள் மெஜெர்தா கரையில் குடியேறிய தெஸ்தூரில், பள்ளிவாசல் கோபுரக் கடிகாரத்தின் முட்கள் இன்றும் வலமிருந்து இடமாகச் சுற்றுகின்றன.

கைரவானிலிருந்து கிழக்கே சாஹில் என்னும் கடலோரச் சமவெளி. மழை 200க்கும் 350க்கும் இடையில். கோதுமைக்குப் போதாது, ஆலிவுக்குப் போதும். எல் ஜெம் என்ற சிறு ஊரின் நடுவே 148 மீட்டர் நீளத்தில், 35,000 பேர் அமரும் ரோமானிய அரங்கம் நிற்பதன் காரணம் இதுதான்: எண்ணெய்ப் பணம். கி.பி. 238 வாக்கில் எழுந்தது. ஸ்ஃபாக்ஸ் பக்கம் போகும்போது ஆலிவ் மரங்களின் இடைவெளியைக் கவனியுங்கள். 24 மீட்டருக்கு ஒன்று, ஹெக்டேருக்கு 17 மரம்தான். வடக்கில் இதே அளவு நிலத்தில் நூறு மரம் நிற்கும். இங்கே ஒவ்வொரு மரத்தின் வேரும் தனக்கான மழையைப் பக்கத்து மரத்தோடு போட்டியிடாமல் சேர்க்க வேண்டும். நடுவில் களை முளைத்தால் அதுவும் குடித்துவிடும், அதனால்தான் மண் எப்போதும் சுத்தமாக உழுதிருக்கும்.

200 மில்லிமீட்டருக்குக் கீழே

காபெஸுக்குத் தெற்கே மத்மாத்தா மலை. தரையில் பெரிய வட்டக் குழி தோண்டி, அதன் சுவரில் அறைகள் குடைந்து வாழும் வீடுகளுக்காகப் பயணிகள் வருகிறார்கள். மண்ணின் கனத்தால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு. (இன்னும் குடும்பங்கள் வசிக்கும் வீடுகள் உண்டு. கேட்காமல் குழிக்குள் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் தகாது. அழைத்து உள்ளே காட்டினால் வெளியேறும்போது சிறு தொகை தருவது வழக்கம்.)

ஆனால் மத்மாத்தாவின் உண்மையான சாதனை வீடுகள் அல்ல, பள்ளங்களில் இருக்கும் ஜெசூர். மலைச்சரிவில் விழும் மழை எல்லாம் ஒரு மணிநேரத்தில் ஓடிவிடும். அந்த ஓடைக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாகப் படி படியாக மண்கரை போட்டிருக்கிறார்கள். கரைக்குப் பெயர் தாபியா, உயரம் 2 முதல் 5 மீட்டர். வெள்ளம் கரைக்குப் பின்னால் நின்று வண்டலை இறக்கும், சில ஆண்டுகளில் அந்த இடம் சமமான வயலாகிவிடும். அதில் ஆலிவ், அத்தி, பேரீச்சை, மரத்தடியில் பார்லி, பருப்பு. மிகுந்த நீர் கரையின் நடுவிலோ ஓரத்திலோ கல் அடுக்கிய கலிங்கு வழியாக அடுத்த படிக்கு இறங்கும். மேலே உள்ள மொட்டைச் சரிவு முழுவதும் இந்தச் சிறு வயலுக்கு நீர் கூட்டித் தருவதால், வானம் 200 மில்லிமீட்டர் கொடுக்கும் இடத்தில் மரத்துக்கு அதைப்போல் பல மடங்கு கிடைக்கிறது.

இது எப்படிக் கெடும் என்பதும் தெளிவு. வண்டல் ஏற ஏற வயல்மட்டம் உயரும், அதற்கேற்பக் கரையையும் கலிங்கையும் உயர்த்திக்கொண்டே வர வேண்டும். ஓராண்டு விட்டால் கலிங்கு தூர்ந்து, அடுத்த பெருமழையில் நீர் கரையின் தலைமேல் வழியும். வழிந்த இடத்தில் மண் அறுத்து உடையும். மேல்கரை உடைந்த வெள்ளம் கீழ்க்கரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோகும். ஆட்கள் நகரத்துக்கும் பிரான்ஸுக்கும் வேலைக்குப் போன குடும்பங்களின் ஜெசூர்தான் முதலில் உடைகின்றன. மலைச்சாலையில் போகும்போது பள்ளங்களைப் பாருங்கள்: கரை முழுதாக இருந்தால் மேலே ஊரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இதே பகுதியின் நில அமைப்புதான் 1943இல், இரண்டாம் உலகப் போரில், இங்கே நடந்த சண்டையைத் தீர்மானித்தது. காபெஸுக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் மேற்கிலுள்ள உப்புச் சதுப்புக்கும் நடுவே குறுகலான தரைவழி மட்டுமே உண்டு. சதுப்பில் டாங்கி இறங்க முடியாது. மரெத் அரணிலிருந்து பின்வாங்கிய ஜெர்மானிய, இத்தாலியப் படைகள் இந்த வாசலை, வாதி அகாரித்தை, அடைத்து நின்றன. ஏப்ரல் 5–6 இரவில் அதன் மேற்குக் குன்றுகளில் ஏறிப் பிடித்தது பிரிட்டிஷ் படையோடு வந்த இந்தியாவின் 4ஆம் டிவிஷன். அன்றிரவுச் செயலுக்காக கூர்க்கா படையின் சுபேதார் லால்பகதூர் தாபாவுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்த டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மதராஸ் சாப்பர்ஸின் 12ஆம் கம்பெனியும் ஒன்று. இந்த மலைகளில் பாதை வெட்டியவர்களில் தமிழ்நாட்டுக் கைகளும் இருந்தன. காபெஸ்–ஸ்ஃபாக்ஸ் சாலையில் போகிறவர்கள் அந்தக் குன்றுகளைக் கடக்கும்போது ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

காபெஸின் ஈச்சந்தோப்பு கடலை ஒட்டியே இருக்கும் அபூர்வம். 1970களில் தொடங்கி வளர்ந்த பாஸ்பேட் ரசாயனத் தொழில் நிலத்தடி நீரை உறிஞ்சி, கழிவைக் கடலில் கொட்டி, அந்தத் தோப்பையும் வளைகுடாவையும் வாட்டிவிட்டது. கஃப்ஸா சுரங்கங்களிலிருந்து வரும் பாஸ்பேட்டில் செய்த அமிலம் இந்திய உரத் தொழிற்சாலைகளுக்கும் வருகிறது. நம் வயலின் உரத்துக்கும் இந்த ஊரின் மூச்சுத்திணறலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

மேற்கே ஷத் அல் ஜரீத், 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறையாத உப்பு ஏரி. கெபிலியிலிருந்து தோசூருக்குப் போகும் சாலை இதன் குறுக்கே மேடாகப் போட்டது. கோடையில் வறண்டு கானல் எழும், குளிர்காலத்தில் ஓரங்களில் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் நீர் நிற்கும். சாலையை விட்டு வண்டியை இறக்கவே கூடாது. மேலே உப்பு ஓடு காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. சக்கரம் ஒருமுறை ஓட்டை உடைத்தால் இழுக்க இன்னொரு வண்டி வந்தாக வேண்டும், வந்த வண்டியும் இறங்கக்கூடாது.

தோசூர் ஈச்சந்தோப்பில் மூன்று அடுக்கு வேளாண்மை: மேலே பேரீச்சை, அதன் நிழலில் அத்தி, மாதுளை, பாதாமி, தரையில் காய்கறியும் தீவனமும். இந்தத் தோப்புக்கான நீர்ப்பங்கை 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் வகுத்தார். ஊற்றுகளின் நீர் முதலில் மூன்றாகப் பிரியும், பிறகு மேலும் மேலும் கிளைக்கும். பிரியும் இடத்தில் ஈச்சமரத் தண்டைக் குறுக்கே போட்டு, பங்குக்கு ஏற்ற அகலத்தில் வெட்டு வைப்பார்கள். நேரத்தை அளக்கக் கதூஸ், அதாவது அடியில் துளையிட்ட பாத்திரம். அதில் நீர் வடிந்து தீர்ந்தால் ஒரு முறை முடிந்தது. நாழிகை வட்டிலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இன்று அந்த ஊற்றுகள் இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதில் வறண்டுவிட்டன. இப்போது வருவது ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஆதிகாலத்தில் சேர்ந்த நீர், சில இடங்களில் 70 டிகிரி சூட்டில் வருகிறது. சாலையோரம் ஆவி பறக்கும் குளிரூட்டும் கோபுரங்களைக் காணலாம். ஆற வைத்துத்தான் மரத்துக்கு விட முடியும். இந்த இருப்புக்கு வரவு ஏறக்குறைய இல்லை, செலவு மட்டும்தான்.

தெற்கே தூஸ், அதற்கப்பால் மணற்கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் 45 டிகிரி, அப்போது இங்கே வராதீர்கள். மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர் சரியான காலம். பேரீச்சை அறுவடையும் அக்டோபரில் தொடங்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பாலைவனத்தில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. மணலுக்குள் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. தென்கோடி முழுவதும் ராணுவ வலயம், அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

மழைக்கோடு அரசியலையும் பிரித்திருக்கிறது. 1956 மார்ச் 20இல் விடுதலை பெற்ற பின் ஆட்சியாளர்கள் பெரும்பாலும் கடலோரத்திலிருந்து வந்தார்கள், தொழிற்சாலையும் ஹோட்டலும் கடலோரத்துக்கே போயின. முதல் அதிபர் பூர்கிபாவின் 1956ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தடைசெய்தது, அரபு உலகில் அது பெரிய பாய்ச்சல். ஆனால் வேலை உள்நாட்டுக்கு வரவில்லை. 2008இல் கஃப்ஸா சுரங்கப் பகுதி கொந்தளித்தது. 2010 டிசம்பர் 17இல் நடுப்புல்வெளியின் சீதி பூசீத் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகம்மது பூவசீசி தீக்குளித்தார். 2011 ஜனவரி 14இல் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். 2014இல் புதிய அரசியல் சட்டம், 2015இல் நான்கு அமைப்புகள் சேர்ந்த துனிசியத் தேசிய உரையாடல் குழுவுக்கு அமைதி நோபல். 2021 ஜூலை 25இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். இப்போது அரசியல் பேச்சில் மக்கள் முன்பைவிடத் தயங்குகிறார்கள். நீங்களாகத் தொடங்கி யாரையும் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

நடைமுறைக்குச் சில. பணம் தினார், ஒரு தினாருக்கு 1,000 மில்லிம். விலைப்பலகையில் 3,500 என்றிருந்தால் மூன்றரை தினார். தினாரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ சட்டம் இடம் தராது, உள்ளே வந்து மாற்றி, ரசீதை வைத்திருந்தால்தான் மிச்சத்தைத் திருப்பி மாற்றலாம். பேச்சுமொழி துனிசிய அரபி, கடைத்தெருவில் பிரெஞ்சு ஓடும், ஆங்கிலம் குறைவு. சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறிக் குஸ்குஸ் என்றாலும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வேகும், சாலட்டிலும் சாண்ட்விச்சிலும் சொல்லாமலே சூரை மீன் வைப்பார்கள். 'ப்லா ல்ஹம், ப்லா தோன்' (இறைச்சி வேண்டாம், சூரை வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காலையில் லப்லாபி கிடைக்கும்: பழைய ரொட்டித் துண்டின்மேல் கொண்டைக்கடலைச் சாறு, சீரகம், ஹரிஸ்ஸா என்னும் மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய். முட்டையும் சூரையும் வேண்டாமென்றால் 'ப்லா' போட்டுச் சொல்ல வேண்டும். துனிஸில் 2023இல் மாதக்கணக்கில் இரவுநேரக் குடிநீரை நிறுத்தி வைத்தார்கள். கோடையில் தங்கும் அறையில் ஒரு வாளி பிடித்து வைப்பது நல்லது.

பத்து நாள் இருந்தால் துனிஸும் கார்த்தேஜும் இரண்டு நாள், துக்கா ஒருநாள், ஸக்வான் வழியாகக் கைரவான், பிறகு எல் ஜெம், அங்கிருந்து தோசூருக்கு நீண்ட ஒரு நாள், ஷத் கடந்து தூஸ், மத்மாத்தா, கடைசியில் ஜெர்பா. அங்கிருந்து துனிஸுக்கு விமானம் உண்டு. வந்த வழியே 500 கிலோமீட்டர் திரும்ப வேண்டியதில்லை.

ஜெர்பா 514 சதுர கிலோமீட்டர் தட்டையான தீவு, ஆறு கிடையாது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதனால் பள்ளிவாசலும் வீடும் மழையைப் பிடிக்கும் வடிவில் இருக்கின்றன. கூரையும் முற்றமும் தரையடித் தொட்டியை நோக்கிச் சரிந்திருக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு அழகுக்கு மட்டுமல்ல, கூரையில் விழும் நீர் சுத்தமாக இறங்கவும்தான். முதல் மழை கூரையைக் கழுவ, அதைத் தொட்டிக்குள் விடுவதில்லை. இரண்டாவது மழைக்குத்தான் வாய் திறப்பார்கள். ஜோர்ஃப் துறையிலிருந்து அஜீமுக்குப் படகில் வந்திறங்கி ஊருக்குள் போகும்போது, வீட்டு முற்றங்களில் சிறு கல்மூடி போட்ட அந்த வாய்களைத் தேடிப் பாருங்கள்.